ரசீதில் யார் பெயர்?

வக்கீல் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். வக்கீல், அவருடைய குமாஸ்தா, என் அக்கா, நான். வராதவர் ஒரே ஒருவர் – வழக்கு யார் மேல் இருக்கிறதோ அவர். அக்காவின் கணவர். மாமா.

ஏன் வரவில்லை? தன் முகத்தைப் பார்த்தால் வக்கீல் ஃபீஸை ஏற்றிவிடுவாராம். "நீ படிச்சவன், நீ போய்ப் பேசு" என்று அனுப்பிவிட்டார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மாமா சொல்வது நியாயமாகப் பட்டால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். அன்றைக்கென்று வரவில்லை...

மாமா லோடு வேன் ஓட்டுகிறார். படப்பைப் பக்கம் கம்பெனிகளில் சரக்கு ஏற்றி, தாம்பரத்தைச் சுற்றி இறக்குவது தொழில். போன மாதம் இரும்புலியூரில் போலீஸ் மறித்து மெஷினில் ஊதச் சொன்னார்கள். ஊதினார். வேன் ஸ்டேஷனுக்குப் போனது, மாமா நடந்து வீட்டுக்கு வந்தார். இருமல் மருந்து குடித்தேன் என்றார். எங்கள் வீட்டில் யாருக்கும் இருமல் இல்லை.

முதல் தடவை என்றால் தொலையட்டும் என்று விடலாம். இது இரண்டாவது. ஒன்றரை வருடத்துக்கு முன்பு பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்து பைக்கில் திரும்பும்போது இதேபோல மாட்டி, யாரோ ஒரு புரோக்கரைப் பிடித்து, கோர்ட்டில் பத்தாயிரம் கட்டினார். இரண்டாவது தடவைக்கு அபராதம் அதிகம். ஜெயிலுக்கு அனுப்பவும் சட்டத்தில் இடம் இருக்கிறது, இரண்டு வருடம் வரை. லைசென்ஸும் போகும். அக்கா வீட்டில் நான்கு வயிறு ஓடுவது அந்த லைசென்ஸில்தான்.

வக்கீல் அதிகம் பேசவில்லை. பேசாத வக்கீலை நம்பலாமா, கூடாதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே போன கேஸின் ரசீதைக் கேட்டார். அக்கா அதை ரேஷன் கார்டு கவருக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். எடுத்துக் கொடுத்தாள்.

படித்தார். மறுபடியும் படித்தார். அக்காவிடம் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார். சொன்னாள்.

"இதுல வேற பேரு இருக்கேம்மா."

வாசித்துக் காட்டினார். என் பெயர்! இனிஷியலோடு.

குமாஸ்தாவைக் கூப்பிட்டு மூன்று டீ சொல்லச் சொன்னார் வக்கீல். வக்கீல் சொந்தக் காசில் டீ வாங்கித் தருகிறார் என்றால் என்ன அர்த்தம்? நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

"நல்ல சேதிதான். உங்க வீட்டுக்காரருக்கு இது ஃபர்ஸ்ட் கேஸ். ரிப்பீட்டே கிடையாது. போன தடவை குடிச்சுட்டு ஓட்டினது..." பேனாவை என் பக்கம் நீட்டினார். "தம்பி."

நான் கல்யாண வீட்டில் சோடா கொடுத்தால்கூட மோந்து பார்த்துவிட்டுக் குடிக்கிற ஆள்.

நான் எதுவும் செய்ய வேண்டாமாம். பொய் சாட்சி வேண்டாம், கையெழுத்து வேண்டாம். "நீங்க சும்மா இருந்தாலே போதும் தம்பி. அதான் நம்ம டிஃபென்ஸ்."

சும்மா இருக்கலாம்தான். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும் – மூன்று முறை கோட்டைவிட்டு, நான்காவது முறை அரசுத் தேர்வில் தேறியவன் நான். போலீஸ் விசாரணைக்கான படிவம் மேஜைமேல் இருக்கிறது. 'உங்கள்மீது வழக்கு ஏதேனும் உண்டா?' என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்று எழுதி வைத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் அரசாங்கப் படிவத்தை அடுத்தவர் உதவியில்லாமல் நிரப்பிய முதல் ஆள் என்ற பெருமையோடு.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன். அடுத்தவர் பெயருக்குக் கோர்ட்டில் ஆஜரானது குடித்ததைவிடப் பெரிய குற்றமாகப் போகலாம் என்றார். யோசித்து முடிவெடுக்கச் சொன்னார். டீ ஆறிப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ரசீதை மாமா முன்னால் வைத்தேன். கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிட்டபோது என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஆமான்னேன்."

"மாமா, அது என் பேரு."

"வண்டி உன் பேர்ல கீது. கேஸு வண்டி மேல. உன் பேரைத்தான கூப்புடுவான்? கரண்டு பில்லு உன் பேர்ல வருது, நான்தான கட்டிகினு கீறேன். அதுக்கு நீ இன்னா சொன்ன?"

பைக் என் சம்பள ஸ்லிப்பைக் காட்டி லோனில் வாங்கியது. அன்றைக்கு மாமா லைசென்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். போலீஸ் வண்டி நம்பரைத் தட்டியிருக்கிறார்கள், என் பெயர் வந்திருக்கிறது, மாமா தலையாட்டியிருக்கிறார். கேஸ் பற்றி வந்த மெசேஜும் ஷோரூமில் கொடுத்திருந்த மாமாவின் நம்பருக்கே போய்விட்டது.

எங்களைப் போன்ற வீடுகளில் சுவரில் ஒரே ஓர் ஆணிதான் இருக்கும். பை, சட்டை, குடை எல்லாவற்றையும் அதில்தான் மாட்டுவோம். படித்த பிள்ளையின் பெயர் அந்த ஆணி. சமையல் கேஸ் கனெக்‌ஷன், கரண்ட், சிம் கார்டு, பைக்... கடைசியில் குடியையும் கொண்டுவந்து மாட்டியாயிற்று.

தெரியாமல் செய்தாரா? கரண்ட் பில் கதையை முக்கால்வாசி நம்புகிறேன். ஆனால், "'இப்படிச் செஞ்சா கேஸ் உன் லைசென்ஸில் ஏறாது' என்று புரோக்கர் எதுவும் சொன்னானா மாமா?" என்று கேட்டேன் பாருங்கள்... அப்போதுதான் அவருக்குத் துண்டைத் தேடும் வேலை வந்தது. துண்டு தோளில்தான் இருந்தது.

அக்கா என்னிடம், ஃபாரத்தில் என்ன எழுதப் போகிறாய் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. அக்காவின் இரண்டு பிள்ளைகளும் எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா மாமாவைப் பார்த்தாள்.

"இவன் பேருக்கு ஆமான்னு சொல்லிட்டு வந்த இல்ல? அதே வாயால அது என் பேரு இல்லன்னு சொல்லிட்டு வா. லைசென்ஸ் போனா போவட்டும். நான் படப்பைக்குக் கம்பெனி வேன் ஏறி வேலைக்குப் போறேன்."

மாமா ரசீதை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "சரி, வக்கீலாண்ட நானே வரேன்" என்றார்.

மனு போட்டோம். அன்றைக்கு நான் வேலையில் இருந்ததற்கு, என் பழைய ஆபீஸில் விரல் வைத்துப் பதிந்த வருகைப் பதிவை வாங்கி இணைத்தோம். நீதிபதி மாமாவைக் கேட்டார். மாமா கரண்ட் பில் கதையை அப்படியே சொன்னார், ஒரு சொல் மாறாமல். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். அன்றைக்கு இவருடைய அடையாள அட்டையை யாருமே பார்க்கவில்லையா என்று பொதுவாகக் கேட்டார். பொதுவாகக் கேட்டால் யார் பதில் சொல்வார்கள்?

அறியாமல் செய்தது என்று கடுமையாக எச்சரித்து, என் பெயரை நீக்க உத்தரவிட்டார். பழைய கேஸ் மாமா கணக்கில் ஏறியது. புதியது ரிப்பீட் ஆனது. பிழைப்பைப் பார்த்து ஜெயில் இல்லை. பதினைந்தாயிரம் அபராதம். லைசென்ஸ் ஆறு மாதம் சஸ்பெண்ட்.

அக்கா இப்போது விடியற்காலையில் கம்பெனி வேன் ஏறுகிறாள். மாமாவின் வேனை வேறொருவர் ஓட்டுகிறார். மாமா பக்கத்தில் உட்கார்ந்து போய் மூட்டை இறக்குகிறார். குடிப்பதில்லை என்கிறார். எனக்கு இருமல் மருந்து வாசனை வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

படிவத்தில் 'இல்லை' அப்படியே இருக்கிறது. அந்த ஒரு சொல் உண்மையாவதற்கு எங்கள் குடும்பத்துக்கு ஆன செலவு – அபராதம், வக்கீல், ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து, பேரம் பேசிய பிறகு – முப்பத்தோராயிரத்து நானூறு ரூபாய்.