மூன்று மணி நிழல்

செல்வமணி மேடத்தைப் பற்றி எழுதும்படி நம் கட்டட வரைவாளர் சங்கத்தில் என்னிடம் கேட்டார்கள். எனக்கு மேடையில் பேச வராது. எழுதும்போதும் வரிசை தவறினால் தடுமாறிவிடுவேன். அதனால் சொல்லப்போவதை முதலிலேயே எண் போட்டு வைத்துக்கொள்கிறேன்.

1. செய்தி வந்த விதம்.
2. நாம் அவரை வரவேற்ற விதம்.
3. வெள்ளிமலைச் சுகாதார நிலையத்தில் நடந்தது.
4. அவரோடு அவர் தந்த பயிற்சியும் முடிந்துபோனது.

போன செவ்வாய்க்கிழமை காலை, என் கட்டடங்களைக் கட்டித்தரும் கோவிந்தன் மேஸ்திரி போன் செய்தார். “சார், சோலார் மேடம் பூட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போய்க்கினு இருக்கும்போதே…” என்றார். நான் ஒரு வீட்டு வரைபடத்தில் வடக்குத் திசைக்கான அம்புக்குறியைப் போட்டுக்கொண்டிருந்தேன். “எத்தனை மணிக்கு?” என்று கேட்டேன். போனை வைத்துவிட்டு அந்த அம்புக்குறியைப் போட்டு முடித்தேன். அதை ஏன் செய்தேன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வரைபடம் போடுகிறவர்களுக்காகச் சூரிய மின்சாரம் பற்றி மூன்று நாள் பயிற்சி நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பேராசிரியர் யாராவது வருவார் என்று எதிர்பார்த்தோம். வந்தவர் நம் ஊர்க் கருணாபுரத்துக்காரர். ஐ.டி.ஐ.யில் ஒயர்மேன் படித்துவிட்டு, மாடி மாடியாக ஏறி சோலார் பலகை மாட்டியவர். பின் வரிசையில் ஒருவர், “இன்னாபா, ஒயர்மேன் இன்ஜினியருக்குக் கிளாஸ் எடுக்கப் போவுதா?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தார்.

மேடம் கோபப்படவில்லை. “ஆமாங்க. நீங்க பிளான்ல போடற தொட்டியில முட்டிக்கினு தலை வீங்கறது நான்தானே. அதான் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார். எல்லோரும் சிரித்தோம். அதற்கு முன் அந்த முணுமுணுப்புக்கும் நான் சிரித்திருந்தேன் என்பதை இங்கே எழுதிவிட வேண்டும்.

அவர் வகுப்பில் ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. “ரப்பரைக் கீழ வெய்ங்க. தப்பான கோடு அப்படியே இருக்கட்டும். பக்கத்துல சரியானதப் போடுங்க. அழிச்சிட்டா எங்க தப்பு பண்ணோம்னு நாளைக்கு எப்படித் தெரியும்?” என்பார். ஒவ்வொரு கோட்டையும் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பழகிய எனக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது.

மூன்றாம் நாளுக்கு, நாங்கள் ஏற்கெனவே கட்டி முடித்த ஏதாவது ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி வரைபடத்தைக் கொண்டுவரச் சொன்னார். எல்லார் தாளிலும் தண்ணீர்த் தொட்டி தென்மேற்கு மூலையில்தான் இருந்தது. நம் பக்கத்தில் யாரும் யோசித்து அதை அங்கே வைப்பதில்லை. வாஸ்துப்படி அந்தக் கன்னிமூலை உயர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். காலை ஒன்பது மணி, நண்பகல், பிற்பகல் மூன்று மணி ஆகிய நேரங்களில் அந்தத் தொட்டியின் நிழல் எங்கே விழும் என்று மேடம் வரையச் சொன்னார். என் தாளில் மூன்று மணி நிழல் இரண்டு பலகைகளை மூடியது.

அது வெள்ளிமலைச் சுகாதார நிலையம். நான் மனதுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த கட்டடம். மலையில் மின்சாரம் அடிக்கடி போகும். குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்தை வைத்திருக்கும் பிரிட்ஜ் அந்தப் பலகைகளை நம்பித்தான் ஓடியது. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். எல்லோரும் போன பிறகுதான் மேடத்திடம் காட்டினேன்.

“ரெண்டு பலகைதானேன்னு நெனைக்காதீங்க சார். ஓஸ் பைப்ப ஒரு எடத்துல மிதிச்சா மொத்தத் தண்ணியும் கம்மியாவுதுல்ல? அதுமாதிரி வரிசையே படுத்துக்கும்” என்றார். பிறகு, “நாளைக்குக் காலையில மலை பஸ்ஸுக்கு வந்துடுங்க” என்றார்.

மலையில் நர்ஸம்மா, “மார்கழி வந்தா பேட்டரி நிறையறதே இல்ல சார். விடியறதுக்குள்ள பிரிட்ஜு நின்னுபூடுது. சாயங்கால பஸ்ஸுல மருந்தக் கீழ அனுப்பிடறேன். காலையில புள்ளயத் தூக்கினு நடந்து வரவங்களுக்கு இன்னா பதில் சொல்றது?” என்றார். மேடம் பேட்டரி ஒயர்களைப் பார்க்கக் குனிந்தார். என்னைப் பார்க்கவில்லை. “பிளான் நான் போட்டதுங்க. தப்பு என்னுது” என்றேன். அத்தனை ஆண்டு வேலையில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆனால் தொட்டியை நகர்த்த, கட்டடத்துக்கு இடம் கொடுத்த பெரியவர் சம்மதிக்கவில்லை. “கன்னிமூல தாழ்ந்தா ஊருக்கு ஆவாது” என்றார். மேடம் வாதாடவில்லை. “தாழ்த்தவே வேணாங்க. இன்னும் ஒசத்திடலாம். தொட்டிக்கு மேல இரும்புச் சட்டம் போட்டுப் பலகைங்கள அங்க ஏத்திட்டா நிழலும் வுழாது, கன்னிமூலதான் ஒசரம். சரிங்களா?”

பெரியவர் மேலே பார்த்தார். “அப்போ சூரியனையே கன்னிமூலையில குந்த வெக்கறேன்ற. செய்யி” என்றார்.

மேடம் என்னிடம் திரும்பி, “இங்க காத்து ஜாஸ்தி சார். சட்டம் நிக்குமான்னு எனக்குத் தெரியாது. அது உங்க கணக்கு” என்றார். நான்கு நாள் கணக்குப் போட்டேன். மூன்று முறை சரிபார்த்தேன். மேடம் தாளில் ரப்பர் தொடாமல் நிழல் போட்டுக் காட்ட, கோவிந்தன் மேஸ்திரிதான் சட்டத்தை நட்டார். அடுத்த மார்கழியில் பிரிட்ஜ் நிற்கவில்லை.

நான்காவது குறிப்பை எழுத நேற்று உட்கார்ந்தபோது, நைனார்பாளையத்திலிருந்து ஒரு பெண் வந்தார். வரைபடம் போடுகிறவர். ஒரு வீட்டின் மொட்டைமாடிச் சட்டத்துக்கு என் கணக்கு வேண்டும் என்றார். தாளை விரித்தேன். தொட்டியின் மூன்று வேளை நிழலும் வரையப்பட்டிருந்தது. மூன்று மணி நிழலுக்கு மட்டும் இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று தவறு. அழிக்கப்படவில்லை.

“செல்வமணி மேடத்துக்கிட்ட படிச்சீங்களா?” என்று கேட்டேன்.

“அவங்கள நான் பாத்ததே இல்லைங்க. எங்க கோவிந்தன் மேஸ்திரி இருக்காரே, நெழல் போடாத பிளான கையாலயே தொடமாட்டாரு. ரப்பர எடுத்தா அதுக்கும் திட்டு” என்றார்.

ஆகவே நான் மேலே எழுதிய நான்காவது குறிப்பு தவறு. அதை அழிக்கத்தான் கை போனது. அழிக்கவில்லை. மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு பழக்கம்தான். அந்த வரி அங்கேயே இருக்கட்டும். அதன் பக்கத்தில் சரியானதை எழுதுகிறேன்: பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது.