மெஷின் வேண்டாம் என்று வீடு வீடாகச் சொன்னது

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கூலிக்கு நெய்த வீட்டுக்கு எதிரிலேயே மூன்று மாடி கட்டினேன். எங்கள் தெருவில், தறியில் டிசைன் போடும் கம்ப்யூட்டர் ஜக்கார்டை முதலில் இறக்கியவனும் நான்தான். அன்று சிரித்தவர்கள் ஆறு மாதம் கழித்து, அது எங்கே கிடைக்கும் என்று என்னிடமே வந்து கேட்டார்கள். சும்மா சொல்லவில்லை, ஆரணியில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். எந்தக் காரியத்துக்கும் நான் யாரிடமும் யோசனை கேட்டதில்லை.

டயாலிசிஸை நிறுத்துவதையும் அப்படித்தான் முடிவு செய்தேன். ஒரே நிமிஷம்.

இரண்டு வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் வேலூருக்குப் போய் வந்தேன். சாப்பிடக்கூட ஒழுங்காக உட்காராதவன், கையை நீட்டிக்கொண்டு நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். பக்கத்துக் கட்டில்காரரிடம் சண்டை போடுவேன். டியூபை எப்படிச் சுருட்டுவது என்று நர்ஸுக்கே சொல்லிக்கொடுப்பேன். கடைசி சில மாதம் அதுவும் முடியவில்லை. பாதியிலேயே பிரஷர் இறங்கிவிடும். இரண்டு தடவை நினைவு தப்பிவிட்டது. இருதயம் தாங்காது என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா என் கட்டில் ஓரம் உட்கார்ந்தார்.

"ஐயா, இனிமே மெஷினால உங்களுக்கு நல்லதை விட அவஸ்தைதான் அதிகம்."

"நிறுத்திட்டா?"

"நாள் கணக்குதான். ஒண்ணு ரெண்டு வாரமும் போகலாம், உறுதியாச் சொல்ல முடியாது. மூச்சு முட்டாம, வலி தெரியாம மருந்து குடுப்போம். நர்ஸ் வீட்டுக்கே வந்து பாப்பாங்க. உங்க கட்டில்லயே இருக்கலாம்."

"சரி, நிறுத்திடுங்க."

"உங்க வீட்டம்மாவைக் கேட்டீங்களா?"

"அவளை இன்னாத்துக்குக் கேக்கணும்? உடம்பு என்னுது."

டாக்டரம்மா வெளியே பார்த்தார். வராந்தா பெஞ்சில் ஒயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டு என் சம்சாரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருஷமும் அதே பெஞ்சுதான்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"தறி வாங்கும்போது கேக்கல. பொண்ணைக் குடுக்கும்போது கேக்கல. நானும் பேசல. இது அப்படி இல்லைங்க. நீங்க பாட்டுக்குப் போயிடுவீங்க. அப்புறம் வர்றவங்க எல்லாம் என்னைத்தான் கேப்பாங்க. வைத்தியம் பாக்காம புருஷனை வீட்டுல போட்டுட்டாள்னு. உங்க அக்கா ஒருத்தங்க போதும்."

கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன்.

"உக்காருங்க, எனக்குத் தலை சுத்துது."

"இன்னா பண்ணணும்ங்கிற?"

தயாராகவே வைத்திருந்தாள். "ஒவ்வொரு வீடா வந்து உங்க வாயால சொல்லணும். நானும் பக்கத்துல நிப்பேன். அப்பதான் சரின்னு சொல்லுவேன்."

அன்று சனிக்கிழமை; காலையில்தான் கடைசியாக மெஷினில் படுத்தது. என் உடம்புக் கணக்கு எனக்குத் தெரியும். மறுநாள் ஞாயிறு தாங்கும். திங்களுக்குக் கால் வீங்கும். செவ்வாய் மூச்சு வாங்கும். ஆக ஞாயிறு ஒரு நாளுக்குள் எல்லா வீட்டையும் முடித்தாக வேண்டும். காலை எட்டு மணிக்கே ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு "ஜல்தி, ஜல்தி" என்று கத்தினேன். அவள் நிதானமாக அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு வந்தாள். என் தறியில் இறங்கிய சேலை. நானும் கரை வேட்டி கட்டியிருந்தேன். இரண்டு பேருக்குமே அதில் தப்பு ஒன்றும் தோன்றவில்லை.

முதலில் மகளைக் கொடுத்த சம்பந்தி வீடு; மகளும் மருமகனும் வெளியூரில். ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷனும் பெண்டாட்டியும் பட்டு உடுத்தி ஜோடியாக வாசலில் நின்றால் எங்கள் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான். சம்பந்தியம்மா ஓடிப்போய்ப் பாய் விரித்தார். சம்பந்தி சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, கல்யாணப் பத்திரிகை வாங்குவதற்குக் கிழக்குப் பார்த்து நின்றுவிட்டார்.

"உங்க மகன் பொண்ணுக்கு முடிஞ்சிடுச்சா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தீங்களா!" என்றார் சம்பந்தியம்மா. அவர் கண் என் சம்சாரத்தின் கையில் தட்டைத் தேடியது.

நெசவாளர் சங்கத்துக் கூட்டத்தில் மைக் இல்லாமல் பேசுகிறவன் நான். இங்கே வேட்டிக் கரையை நீவிக்கொண்டே ஆரம்பித்தேன். "கல்யாணம் இல்லீங்க. நான் போறதைச் சொல்லிட்டுப் போலாம்னு..."

"எங்க, காசிக்கா?"

பிறகுதான் விவரமாகச் சொன்னேன். சம்பந்தி அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டார். சென்னையில் வேறு பெரிய ஆஸ்பத்திரி பார்க்கலாமே என்றார். "பாத்தாச்சு. இது என் முடிவு. நாளைக்கு இவளை யாரும் ஒரு வார்த்தை கேக்கக் கூடாது" என்று தறிக்காரர்களுக்கு உத்தரவு போடுவதுபோலச் சொல்லிவிட்டு எழுந்தேன்.

அடுத்தது ஒரு ஜைன நண்பர் வீடு. அரிசி வியாபாரம், நாற்பது வருஷப் பழக்கம். இவராவது அசந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். "எங்க பெரியப்பா சாப்பாடு, தண்ணி எல்லாத்தையும் தானே விட்டுட்டு, சாகற வரைக்கும் விரதமா உக்காந்தவருய்யா. நீ மெஷினைத்தானே விடுற?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இதிலுமா என்னை முந்த ஒரு ஆள் இருக்கவேண்டும்? ஆட்டோவில் ஏறியதும் என் சம்சாரம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தால் சிரிக்கிறாள்.

இன்னும் நாலு வீடு முடிந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. செருப்பு வார் காலைப் பிடித்தது.

"மீதியை நாளைக்குப் பாத்துக்கலாங்க."

"நாளைக்கு எப்படி இருப்பேனோ. சேவூருக்கு விடுப்பா," என்றேன் டிரைவரிடம்.

சேவூரில் இருப்பது என் அக்கா. வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள், நான் சொல்லி முடிக்கும் வரை தலையைத் தூக்கவில்லை. முடித்ததும் நேராக என் சம்சாரத்திடம் திரும்பினாள்.

"இவன் பொறந்ததுலேர்ந்து அவசரக்காரன். நீ இன்னாடி பண்ணிகினு இருந்த? காலைப் புடிச்சாவது இட்டுகினு போயிருக்க வேணாமா?"

"அக்கா, அவளைக் கேக்காத. அதுக்குத்தான் வந்தேன். என்னைக் கேளு."

"உன்னை இன்னாத்தைக் கேக்கறது? எழுபத்தி நாலு வயசு ஆவுது. யாரைக் கேட்டு எதைப் பண்ண நீ?"

"இவளைக் கேட்டேன்."

அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. பொய். முடிவு பண்ணிவிட்டுத் தகவல் சொன்னேனே தவிர எங்கே கேட்டேன்? அவள் இப்போது போட்டு உடைத்துவிடுவாள் என்று நின்றேன். தெருவில் டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போனதும் என் சம்சாரம் முந்தானையை இழுத்துச் சொருகினாள்.

"கேட்டாருங்க அண்ணி. நான்தான் சரின்னேன்."

எந்தப் பேச்சுக்குப் பயந்து என்னைத் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு வந்தாளோ, அதைத் தானே தலையில் போட்டுக்கொண்டாள். அதுவும் என் அக்காவிடம். ஏன் என்று இதை எழுதும் இந்த வியாழக்கிழமை வரை எனக்கு விளங்கவில்லை. கேட்டால் "மருந்து வேளையாச்சு" என்கிறாள்.

அக்கா வெகு நேரம் கீரையையே உருவினாள். காம்பு எது, இலை எது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் முறத்தில் போட்டாள். பிறகு கேட்டாள்.

"ராவுல இவன் பக்கத்துல யாரு இருக்கறது?"

"நான்தான்."

"ஒண்டியா முடியாது. நாளைக்கு நான் வந்துடறேன். மாத்தி மாத்திக் கண்ணசரலாம். கட்டிலை எங்க போடப் போற?"

மாடி அறைதான் காற்றோட்டம், நானே பார்த்துப் பார்த்துக் கட்டியது என்று ஆரம்பித்தேன்.

"படி ஏறி எறங்கறது யாரு, நீயா? பேஜார் பண்ணாம இரு," என்றாள் அக்கா.

கீழே தறிச் சத்தம் கேட்கும் அறையா, சமையல்கட்டை ஒட்டிய அறையா என்று அவர்கள் இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். ஆட்டோ வெயிட்டிங்கில் நிற்கிறது, இன்னும் மூன்று வீடு பாக்கி என்று இரண்டு தடவை சொன்னேன். காதில் விழவில்லை.