கோல்ட் மோர்னிங், இரண்டு முறை

என் எழுத்து கோணலாக இருக்கும், பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் நான் சொல்லப்போகும் பிழை என்னுடையது அல்ல.

கண்டியில் ஒரு ரேஸ் புக்கியில், அதாவது குதிரைப் பந்தயம் கட்டும் கடையில், வெளிநாட்டில் ஓடும் குதிரைகளின் பெயர்களைப் பலகையில் தமிழில் எழுதி வந்தேன். கவுண்டர்க்காரன் இங்கிலீஷ் பட்டியலை வாசிப்பான். அரபு நாட்டில் பல தேசத்துக் குதிரைகள் மோதும் பெரிய போட்டியன்று, நாலாம் நம்பரையும் ஒன்பதாம் நம்பரையும் "கோல்ட் மோர்னிங்" என்றே வாசித்தான். அப்படியே எழுதினேன். இங்கிலீஷில் நாலு குளிர், ஒன்பது தங்கம் என்று பிறகுதான் தெரிந்தது. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து.

"யோவ், ஒரே குதிரைய ரெண்டு தரம் எழுதியிருக்க!" என்று அவனே வந்து ஒன்பதைத் துடைத்தான். நீதானே வாசித்தாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கூட்டம் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஒன்பதுதான் வென்றது. டீவியில் பெயரைக் கேட்டதும், நாலில் கட்டியவர்கள் துள்ளிக்கொண்டு கவுண்டருக்கு ஓடினார்கள். வென்றது நாலு இல்லை, ஒன்பது என்று அவன் சொன்னதும் கத்தினார்கள். அவன் என்னைக் கைகாட்டினான்.

"எழுதின ஆளக் கேளுங்க. தங்கத்துக்கும் தடிமனுக்கும் வித்தியாசம் தெரியாத மனுசன்!"

சளி பிடிப்பதைத்தான் எங்கள் பக்கம் தடிமன் என்போம்; இங்கிலீஷில் அதுவும் கோல்ட்தான். அடிக்க வந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் சோக்குக் கட்டியைப் பிடுங்கிக்கொண்டு விளக்குமாற்றைத் தந்தார்கள். இப்போது அவன் காலடியைக் கூட்டுகிறேன். "என்ன தடிமன், சுகமா?" என்று தினமும் கேட்கிறான். தலையாட்டுகிறேன். அவனை மன்னிக்கவே மாட்டேன். அந்த வரியைத் துடைத்தது அவன் கை. அன்று சொல்லாததை இன்று எழுதிவிட்டேன்.

2024 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை.