நாங்கள் நம்பாத மெக்கானிக்கும் நின்று நின்று போன வேனும்

மாமல்லபுரம் ஓட்டல்களுக்கு எங்கள் பழைய வேனில்தான் இட்லி மாவு கொண்டு போகிறோம். போன மாதம் வரை சில வாரங்களாக அது ஓடும்போதே நின்றுகொண்டிருந்தது. செங்கல்பட்டு மெக்கானிக் ஓட்டிப் பார்த்தால் மட்டும் நிற்காது.

"அவன்தாம்மே எதையோ கயட்டி வுட்டு அனுப்பறான். அப்பத்தான திரும்பத் திரும்ப வருவோம்?" என்றார் என் கணவர். எனக்கும் அதே சந்தேகம்.

போன மாதம் கடற்கரைச் சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் வேன் நின்றது. பின்னால் வந்த பஸ் உரசாத குறையாக விலகிப் போனது. ஓட்டிவந்த கணவர் மறுபடி கிளப்பினார். அடுத்த பள்ளத்தில், வீடு, கடைச் சாவிகளெல்லாம் கோத்த கனமான கொத்து, வண்டிச் சாவியோடு சேர்ந்து குலுங்கியது. உடனே இன்ஜின் அணைந்தது. கொத்தைக் கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப எடுங்க, பாக்கலாம்."

வீடு வரை நிற்கவே இல்லை.

தேய்ந்துபோன சாவி சுவிட்சை அந்தக் கனம்தான் இழுத்து அணைத்திருக்கிறது. வீட்டுச் சாவி மெக்கானிக் கையில் சிக்கிவிடக் கூடாதென்று, அவரிடம் எப்போதும் வண்டிச் சாவியை மட்டும் கழற்றிக் கொடுத்தோம். பிறகு எப்படி அவரிடம் நிற்கும்?

சுவிட்சை அவரே மாற்றித் தந்தார். இப்போதெல்லாம் வண்டி தகராறு செய்தால் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நாங்களே ஓட்டிக் காட்டுகிறோம்.