குரங்கிடம் கைகூப்பிய அப்பா

பிள்ளைகளே, எங்கள் ரப்பர் தோட்டத்துத் தலைமை எழுத்தரான பெரிய கிராணி எதிரே வந்தால்கூட அப்பா சைக்கிளை விட்டு இறங்க மாட்டார். அப்படிப்பட்ட அப்பா ஒரு குரங்கின் முன்னால் மண்டியிட்டதை என் பன்னிரண்டாம் வயதில் பார்த்தேன்.

அந்த வயதில்தான் ஐசி என்ற அடையாளக் கார்டு எடுக்க வேண்டும். அப்பாவின் கார்டு சிவப்பு. இந்த நாட்டுக் குடிமகன் இல்லை என்று அதற்கு அர்த்தம். நான் இங்கே பிறந்தவன். பிறப்புப் பத்திரத்தைக் காட்டினால் எனக்கு நீலக் கார்டு கிடைக்கும். அதற்காகவே அப்பா அன்று பால்வெட்டுக்குப் போகாமல், என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு லூமுட் பட்டணத்துக்கு மிதித்தார். அம்மாவின் தம்பி, என் மாமா, துணைக்குத் தன் சைக்கிளில் வந்தார்.

அம்மா அந்தப் பத்திரத்தைச் சாமி மேடையில் வைத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, படைத்த வாழைப்பழத்தோடு ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்திருந்தார். காரியம் முடியும்வரை பழத்தை வெளியே எடுக்கக் கூடாது என்பது கட்டளை.

பதிவு அலுவலகத்தில் அதிகாரி மாநிலத் தலைநகரான ஈப்போவுக்குப் போயிருந்தார். நாளைக்கு வரச் சொன்னார்கள். என் முகம் வாடியதைப் பார்த்த அப்பா, “வந்தது வந்தாச்சு, பங்கோர் தீவப் பாத்துட்டுப் போலாம்லா” என்றார். சைக்கிள்களையும் படகில் ஏற்றினோம்.

தீவில் கடலோரமாகவே மிதித்தோம். இருவாச்சிகள் விசிறி வீசுவதுபோல் சத்தமிட்டுத் தலைக்கு மேல் பறந்தன. ஒரு பெரிய உடும்புக்கு வழிவிட்டு நின்றோம். டச்சுக்காரர்கள் கட்டிய இடிந்த செங்கல் கோட்டைக்கு வந்ததும் அப்பா சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். பை கைப்பிடியிலேயே தொங்கியது.

எங்கிருந்தோ ஒரு குரங்கு குதித்தது. கண் மூடித் திறப்பதற்குள் பையோடு கோட்டைச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தது.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். “மச்சான், ஒங்களுக்கு முந்தி கொரங்குக்கு நீல ஐசி கெடச்சிரும் போலலா!”

நானும் சிரித்தேன். அப்பா மண்டியிட்டுக் கைகூப்பினார்.

“ஆஞ்சநேயா... பழத்த எடுத்துக்க சாமி. தாள மட்டும் குடுத்துரு. எம்புள்ளயோடது சாமி.”

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு சீனக் குடும்பம் எங்களையே பார்த்தது. அப்பா எழுந்துவிட்டால் போதும் என்றிருந்தது. ஒரு கல்லை எடுத்துக் குரங்கின்மேல் எறிந்தேன்.

அது பல்லைக் காட்டிச் சீறியது. பத்திரத்தை வாயில் கவ்வி, இரண்டு கையாலும் பிய்த்துப் போட்டுவிட்டு, பழத்தோடு மரத்துக்குத் தாவியது.

அப்பா என்னை அடிக்கவில்லை. தரையில் தவழ்ந்து துண்டுகளைப் பொறுக்கினார்.

“பேரு இருக்கு... நம்பரு எங்க? நம்பரத் தேடு மச்சான், காத்துல போயிரப் போவுது!”

மாமாவும் தவழ்ந்தார். நம்பர் இருந்த துண்டு ஒரு புல் புதரில் சிக்கியிருந்தது. அப்பா எல்லாவற்றையும் சட்டைப் பைக்குள் வைத்தார்.

அந்தத் துண்டுகளைக் காட்டி மறு பத்திரம் வாங்க அவர் எத்தனை முறை ஈப்போவுக்குப் பஸ் ஏறினார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று லூமுட்டில் இறங்கியதும், ஒரு கையைச் சட்டைப் பைமேல் அழுத்திக்கொண்டு, மறு கையாலேயே தோட்டம்வரை சைக்கிளை ஓட்டினார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் அதைத்தான் சொல்லிப் பெருமையடித்தேன்: “எங்கப்பா ஒத்தக் கையிலயே அவ்ளோ தூரம் ஓட்டுனாருலா!”