கூக்காலிலிருந்து வந்த சீசா

பிறர் சிறுநீரைச் சோதித்துப் பிழைப்பது பெருமைக்குரிய தொழிலன்று என்று என் உறவினர் சிலர் கருதினார்கள். தங்கள் வீட்டுப் பெண்களுக்கு நாள் தள்ளிப்போனபோது அவர்களும் என்னிடம்தான் வந்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், கொடைக்கானலில் ஒரு மிஷன் மருத்துவமனையின் ஆய்வுக்கூடம் என் பொறுப்பில் இருந்தது. நான் சொல்லவந்த அந்த நாளில் அங்கே இருந்தவர்கள் இவர்கள்: நான், ஆயா ஞானம்மாள், கூக்கால் என்ற மலைக்கிராமத்தில் பூண்டு பயிரிடும் ராசு, அவன் மனைவி பாக்கியம், அவன் தாய் வெள்ளையம்மாள். மணமாகிச் சில ஆண்டுகள் கடந்தும் பாக்கியத்துக்குக் குழந்தை இல்லை. எனவே கன்னிவாடியில் மகனுக்கு இரண்டாவதாக ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தாள் வெள்ளையம்மாள். பாக்கியம் உண்டாகியிருந்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும். இல்லையென்றால், இன்னொருத்தி பெறும் பிள்ளைகளுக்குச் சோறு வடிப்பவளாக அவள் அந்த வீட்டில் இருந்துகொள்ளலாம். இதைத் தீர்க்கும் பொறுப்பு என் கண்ணாடித் தகட்டின்மேல் வந்து விழுந்தது. எந்தத் தொழிலில் இருந்தாலும், உள்ளதை உள்ளபடி சொன்னதற்காக வசவு வாங்கியவர்களுக்கு என் நிலைமையை விளக்கவேண்டியதில்லை. அந்த நாளுக்கு முன்னர் நடந்தவற்றை முதலில் சொல்கிறேன்.

தைலச் சீசா

கர்ப்பப் பரிசோதனைக்குக் காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீர் வேண்டும். இரவெல்லாம் தேங்கியிருப்பதால் அது அடர்த்தியாக இருக்கும். குளிருக்காக டம்ளர் டம்ளராகக் காப்பி குடித்துவிட்டுப் பகலில் கொடுப்பது நீர்த்துப்போயிருக்கும். அதில் இருப்பதும் தெரியாமல் போகும். வெள்ளையம்மாளுக்கு இந்த விதி எப்படியோ தெரிந்திருந்தது. ஆனால் மருமகளைக் கூட்டிவந்தால் பஸ்ஸில் ஊரே விசாரிக்கும் என்று, சீசாவை மட்டும் மடியில் முடிந்துகொண்டு தனியாக வந்தாள்.

மூடியைத் திறந்ததும் அறை முழுவதும் யூகலிப்டஸ் தைலத்தின் நெடி. எங்கள் மலையில் காலிச் சீசா என்றால் அநேகமாக அது தைலச் சீசாதான். அதைத் துணி சோப்புப் போட்டுக் கழுவியதாகவும் சொன்னாள். அது அதைவிட மோசம். தைலமோ சோப்போ கலந்த நீரில் வரும் முடிவை நம்ப முடியாது என்று திருப்பிக் கொடுத்து, வெந்நீரில் கொதிக்கவைத்த வேறொரு சீசாவைத் தந்தேன். வெள்ளையம்மாள் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“பச்சப்பிள்ள நெஞ்சுல தேய்க்கிற தைலம்மா இது. பிள்ளைக்கு ஆவுறது, பிள்ளைத்தாச்சி தண்ணிக்கு ஆவாதாக்கும்?” என்றாள்.

முந்திக்கொண்ட முடிவு

அடுத்த முறை மகன், மருமகளோடு மூவருமாக வந்தார்கள். சீசாவில் குறையில்லை. நாளில்தான் குறை. பாக்கியத்துக்கு நாள் தள்ளி ஒரு வாரம்கூட ஆகவில்லை. இன்று மருந்துக்கடையில் விற்கும் சோதனைப் பட்டைகள், வரவேண்டிய தேதி தவறியவுடனே காட்டிவிடுகின்றன. அன்றைய சோதனைக்கு அந்தக் கூர்மை கிடையாது. தேதி தவறி இரண்டு வாரமாவது பொறுத்திருந்தால்தான் அதன் சொல்லுக்கு மதிப்பு. இதை எடுத்துச் சொன்னேன். கன்னிவாடிக்காரர்கள் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள் என்று வெள்ளையம்மாள் பெஞ்சை விட்டு எழ மறுத்தாள்.

சோதனை எளியது. சிறுநீர்த் துளியோடு மருந்துத் துளியைக் கலந்து, பால் போன்ற மற்றொரு துளியை விட்டு, தகட்டை மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஆட்டவேண்டும். கர்ப்பம் இல்லையெனில் அந்தப் பால் திரிந்து குருணை குருணையாக நிற்கும். உண்டெனில் திரியாமல் வழவழவென்று கிடக்கும். அன்று திரிந்தது. “இதற்குக் கர்ப்பம் இல்லை என்று பொருளில்லை. இன்னும் தெரியவில்லை என்பதே பொருள். இரண்டு வாரம் கழித்து வாருங்கள்” என்று மூவரையும் பார்த்து நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

“ஏலே ராசு, கேட்டுக்கிட்டியா? இல்லேங்கிறதத்தான் படிச்சவுக இம்புட்டு நீளமாச் சொல்றாக” என்றாள் வெள்ளையம்மாள்.

பூண்டுப் பரண்

இரண்டு வாரம் முடியுமுன்னே பாக்கியம் தனியாக வந்தாள். தலைவலி மாத்திரை வாங்கப்போவதாக வீட்டில் சொல்லியிருந்தாள். கன்னிவாடியில் பூ வைத்துத் தாம்பூலம் மாற்றியாயிற்று என்ற செய்தியை, பக்கத்துத் தோட்டத்தில் மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு உடம்பைப் பற்றிப் பேசினாள். இன்னும் தலைமுழுகவில்லை. மார்பு கனத்து வலிக்கிறது. அடிக்கடி ஒதுங்கவேண்டியிருக்கிறது. நட்டநடுப் பகலில் கண் சொருகுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அறுத்த பூண்டைக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டு அடுப்புப் புகை காட்டும் பரணுக்குக் கீழே போனாலே குமட்டுகிறது. வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறாள் என்பது மாமியாரின் தீர்ப்பு.

“சந்தேகமே இல்ல, முழுகாமத்தான் இருக்கே” என்றாள் ஐந்து பெற்ற ஞானம்மாள். நான் அதை ஏற்கவில்லை. காமாலையிலும் வாந்தி வரும். சோகையாலும் கவலையாலும்கூட நாள் தள்ளிப்போகும். அறிகுறிகள் சந்தேகத்தை எழுப்பலாமே தவிர, முடிவு சொல்ல அவற்றுக்கு அதிகாரம் கிடையாது. ஆறுதலுக்காக ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டுப் பிறகு பிடுங்கிக்கொள்வது என் வழக்கமில்லை. கொதிக்கவைத்த சீசா ஒன்றைக் கொடுத்து, வரவேண்டிய கிழமையை மட்டும் சொன்னேன். வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.

“வாக்கப்பட்டதுலருந்து பூண்டுக்குள்ளதான் கெடக்கேன், ஒருநாள் மூக்கச் சுளிச்சதில்லம்மா. அத்தை நடிப்புங்கட்டும், அவுக அப்படித்தான். அந்த மனுசனும்ல நடிக்கிறேங்கிறாரு” என்றாள்.

திரியாத பால்

சொன்ன கிழமையில் மூவரும் வெள்ளனே பஸ் ஏறி வந்துவிட்டார்கள். சீசாவைப் பாக்கியமே என் கையில் கொடுத்தாள். தகட்டை ஆட்டினேன். பால் திரியவில்லை. ஐயத்துக்கு இடமில்லாமல் வழவழவென்று கிடந்தது. வெள்ளையம்மாள் என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “ஒண்ணுமே ஆவலையேம்மா” என்றாள். ஒன்றும் ஆகாமல் இருப்பதே உண்டு என்பதன் அடையாளம் என்றேன். அவள் முகத்தில் மகிழ்ச்சி வரவில்லை. மருமகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு அஞ்சு மாசம். சீசாவுல யாரு தண்ணி இருக்குன்னு நான் கண்டேனா?” என்றாள்.

பாக்கியம் கணவனைப் பார்த்தாள். ராசு தரையைப் பார்த்தபடி, “அம்மா மனசு ஆறட்டும். இங்கனயே இன்னொருக்காக் குடுத்துரு. அதுல என்ன இருக்கு?” என்றான். பகலில் எடுப்பது நீர்த்திருக்கக்கூடும், அதில் பால் திரிந்தால் நான் கணக்கில் எடுக்கமாட்டேன் என்று எச்சரித்தேன். ஆனால் வாந்திக்குப் பயந்து அவள் விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. ஞானம்மாள் அவளைப் பின்புறம் அழைத்துப் போனாள். வெள்ளையம்மாளும் கூடவே போய்க் கதவைச் சாத்தவிடாமல் நின்றாள். வேண்டாம் என்றேன். “நீங்க உங்க சோலியப் பாருங்கம்மா” என்றாள்.

இரண்டாவது துளியிலும் பால் திரியவில்லை. இந்த முறை வெள்ளையம்மாள் மருமகளின் கன்னம் வழித்து நெட்டி முறித்தாள். “எங்க குலத்தக் காத்துட்ட தாயி. கன்னிவாடிக்கு நாளைக்கே ஆளனுப்பித் தாம்பூலத்தத் திருப்பிருவோம். பரண் பக்கமே நீ வரவேணாம்” என்றாள். கன்னிவாடியில் பூச்சூடிக் காத்திருந்த பெண்ணைப் பற்றி அந்த அறையில் எவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பாக்கியத்தின் முகத்தில் அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. பின்புறத்தில் கை கழுவிய ஈரம் காயாமல் நின்றவள், ஞானம்மாள் நீட்டிய துண்டில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டாள்.

“அதான் எல்லாம் சரியாப்போச்சுல்ல. வெரசாக் கெளம்பு, கூக்கால் பஸ்ஸ விட்டா நாளைக்குத்தான்” என்றான் ராசு.

இல்லை, இன்னும் தெரியவில்லை, உண்டு என்னும் மூன்று விடைகளைச் சொல்லியே பணி ஓய்வுவரை சம்பளம் வாங்கியவள் நான். இல்லை என்பதை மாமியார் வாயாலும் மற்ற இரண்டையும் என் வாயாலும் கேட்டு முடித்த பாக்கியம், கூக்கால் பஸ்ஸுக்கு நேர் எதிர்ப்பக்கம், தன் தாய்வீடு இருக்கும் ஆயக்குடிக்குப் போகப் பழனி பஸ் நிற்கும் இடத்தை நோக்கி வெளியே நடந்தாள்.