ஒரு மணிச் சாப்பாடு

நாய்த்தீனி விற்கிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு: தின்கிற ஜீவனை அவன் பார்ப்பதே அபூர்வம், வாங்குகிற மனிதர்களைத்தான் பார்க்கிறான். தங்கச் சுரங்கம் மூடிப்போன ராபர்ட்சன்பேட்டையில் பதினோரு வருடமாக அப்படி ஒரு கடை வைத்திருக்கிறேன். குட்டி ஒன்றைக் கொண்டுவந்து, தூக்கத்தையும் ஒற்றைச் செருப்பையும் இழந்து நிற்கும் உங்களைப் போன்றவர்கள்தான் என் வாடிக்கை. அதனால் இதை உங்களிடம் சொல்லலாம்.

சுவரில் ஒட்டிய தாள்

கல்லாவுக்குப் பின்னால் என் கையெழுத்தில் ஒரு தாள் இருக்கிறது. மூன்று மாதம் வரை நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, அதற்கு மேல் இரண்டு. பசும்பால் கூடாது, வெங்காயம் கூடாது. யசோதா அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். நாற்பது வயதிருக்கும். ஊரோரம் பாலகாட்டில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசையில் ஒரு லைன் வீடு. பெங்களூரில் ஒரு கம்பெனி கேன்டீனில் சூப்பர்வைசர். விடியுமுன் ரயிலேறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். அம்மா போனபின் வீட்டுக்குள் நுழையவே பிடிக்காமல், இரண்டு மாதக் குட்டி ஒன்றை எடுத்து வந்திருந்தார். பெயர் போண்டா.

பகலில் யார் தீனி வைப்பார்கள் என்று கேட்டேன். போனைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்.

"நானூறு பேருக்கு மத்தியானச் சோறு போடுறேன் அண்ணா, இதுக்கு ஒரு கிண்ணம் வைக்க ஆள் இல்ல."

ஷிஃப்ட் கணக்கு

யசோதாவின் பக்கத்து வீட்டு முனிரத்தினம் அண்ணன் ஒப்புக்கொண்டார். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாவி அவரிடம். ஒன்பது மணிக்கு ஒன்று, ஒரு மணிக்கு ஒன்று என்று யசோதா இரண்டு டப்பாவில் அளந்து வைத்துவிட்டுப் போவார். பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். வாந்தி, வயிற்றுப்போக்கு. விலா எலும்பை எண்ணலாம். இப்படியே போனால் யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதான் என்றார்.

ஸ்கூட்டரில் போய் அண்ணனை விசாரித்தேன். இரண்டு டப்பாவையும் ஒன்றாகக் கொட்டி மத்தியானம் இரண்டு மணிக்கு வைத்திருக்கிறார். சுரங்கத்தில் காலை ஷிஃப்ட் இரண்டு மணிக்குத்தானே முடியும் என்பது அவர் கணக்கு.

"முப்பது வருசம் அண்டர்கிரவுண்டுல இருந்து ஏறி வந்து ரெண்டு மணிக்குதான் துன்னேன். நான் இன்னா செத்தா பூட்டேன்?"

கட்டிலுக்கு அடியில்

ஒன்பது மணிக்கு அவர், ஒரு மணிக்கு நான் என்று முடிவானது. ஒன்றிலிருந்து மூன்று வரை கடையை மூடுவது வழக்கம். வீட்டில் நான் ஒருவன்தான். எங்கே சாப்பிட்டாலும் ஒன்றுதான்.

குட்டிக்குச் சமையலறை மூலையில் இடம் போட்டிருந்தார்கள். மேலே தகரம். மத்தியானத்தில் அடுப்பு போல் காய்ந்தது. தண்ணீர்க் கிண்ணம் ஜன்னலுக்குக் கீழே இருந்ததால் சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டுப் புழுதி மெல்லிய ஆடையாகப் படிந்திருந்தது. அம்மாவின் கட்டிலுக்கு அடியில் சிமெண்ட் தரை குளிர்ச்சியாக இருந்தது. சாக்கு விரித்து, மேலே பழைய நூல்புடவையை மடித்துப் போட்டேன். கிண்ணத்தைச் சுவரோரம் நகர்த்தினேன். பின்கதவருகே செய்தித்தாள்.

தீனி வெந்நீரில் ஊறப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் என் சாப்பாட்டு டப்பாவையும் திறந்தேன். வாசற்படியில் உட்கார்ந்திருந்த அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"கதவத் தொறந்தே வெச்சிக்கினு துன்னுப்பா. பொம்பள வீடு. நாளிக்கு எவனாவது கேட்டா நாயா வந்து சாட்சி சொல்லும்?"

கிண்ணத்துக்கு அடியில்

யசோதாவும் நானும் பார்த்துக்கொள்வதே இல்லை. கிண்ணத்துக்கு அடியில் சீட்டு வைப்பார்: நேற்று நன்றாகத் தூங்கியது, அம்மாவின் கண்ணாடிக் கூட்டைக் கடித்துவிட்டது. நான் பின்பக்கம் பதில் எழுதுவேன்: முழுதும் தின்றது, பல் விழுகிறது, பயப்பட வேண்டாம். எனக்காக அடுப்பு மூட்டச் சோம்பல்படுகிறவன், இதற்காகக் காலையில் ஈரல் வேகவைத்தேன். ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும்போதே உள்ளே கதவைப் பிராண்டும் சத்தம் கேட்கும். முதலில் இரண்டு மணிக்கு அங்கிருந்து கிளம்பியவன், போகப்போக இரண்டரைக்குக் கிளம்பினேன்.

ஒருநாள் சீட்டில் இப்படி இருந்தது:

"அண்ணா, அலமாரியில் புளிச்சோறு மூடி வெச்சிருக்கேன். அது உங்களுக்கு. அதுக்குக் குடுக்காதீங்க."

ஆறு மாதம்

போன ஞாயிற்றுக்கிழமை யசோதா கடைக்கு வந்தார். கயிற்றின் மறுமுனையில் போண்டா, பளபளவென்று, என்னைப் பார்த்ததும் மூட்டைமேல் ஏறியது. யசோதா மைசூர்பாகு டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு, போனில் என் தாளின் படத்தைக் காட்டினார். ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வேளை. அதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு கொடுத்துவிட்டேன் என்றார்.

சில குட்டிகளுக்கு இன்னும் இரண்டு மாதம் மத்தியானமும் வைக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் பொய்யில்லை. ஆனால் இந்தக் குட்டிக்கு அது தேவையில்லை. இரண்டு வேளை போதும் என்றேன்.

திங்கட்கிழமை ஒரு மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மூட்டைகளுக்கு நடுவில் என் டப்பாவைத் திறந்தேன். போன் அடித்தது. முனிரத்தினம் அண்ணன்.

"இன்னாப்பா, வண்டி சத்தம் கேக்கலியேன்னு அது கதவாண்ட நின்னுக்கினு கீது. நான் இன்னான்னு சொல்றது?"

பதினோரு வருடத்தில் அந்தத் தாளில் எழுதியது எதுவும் தவறாகப் போனதில்லை. அதில் உள்ள ஒரே குறை அதுதான்; ஒரு மணிக்கு அங்கே போக அது எனக்கு ஒரு சாக்கும் விட்டுவைக்கவில்லை.